கைதட்டலா, சிரிப்பா? ஸ்டாண்ட்-அப் மேடைக்கு ரெஃபரன்ஸ் ஜோக் எழுதும் முறை

ஸ்டாண்ட்-அப் மேடைக்குப் புதிதாக வருபவர்களில் பலர் முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே ஒரு சினிமா வசனத்தைப் பேசிவிடுவார்கள். உடனே சபை ஆரவாரம் செய்யும், கைதட்டும். பேசியவருக்கு ஜோக் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். அதே பதிவை வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அந்த இடத்தில் சிரிப்புச் சத்தமே இருக்காது. தெரிந்த ஒன்றை எதிர்பாராத இடத்தில் பார்த்த சந்தோஷத்தில் தட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தத் தட்டலில் பெரும்பங்கு வசனம் எழுதியவருக்கும் பேசி நடித்தவருக்கும் போக வேண்டியது.

ஒரு வரி இன்னொரு வரியை நினைவூட்டுவதால் பிறக்கும் நகைச்சுவையை மேடைக்காரர்கள் பொதுவாக ரெஃபரன்ஸ் ஜோக் என்பார்கள். இலக்கிய விமர்சகர்கள் இதே உறவை இன்டர்டெக்ஸ்சுவாலிட்டி, ஊடிழைப்பிரதி என்ற பெயர்களில் பேசுவார்கள். பிரெஞ்சு மொழியில் எழுதிய விமர்சகர் ஜூலியா கிறிஸ்தேவா 1960-களின் பிற்பகுதியில், ரஷ்ய விமர்சகர் மிகயில் பக்தினின் எழுத்துகளை வாசித்து விளக்கும்போது முன்வைத்த கருத்து இது: எந்தப் பிரதியும், அதாவது எழுத்தோ பேச்சோ, தனியாக நிற்பதில்லை, ஏற்கெனவே சொல்லப்பட்டவற்றால் நெய்யப்பட்டது. மேடையில் நிற்பவருக்கு இது தத்துவம் மட்டுமில்லை, கையில் எடுத்து வேலை செய்யக்கூடிய கருவி. அதை எப்படிப் பிடிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், சிரிப்பு எங்கே பிறக்கிறது?

அரிஸ்டாட்டில், பேச்சுக்கலை பற்றிய தன் 'ரெட்டரிக்' நூலில் ஒரு சின்ன எடுத்துக்காட்டு தருகிறார். காவிய நடையில் ஒரு வரி தொடங்குகிறது: ஒருவன் நடந்து வருகிறான், அவன் பாதங்களின் கீழே இருப்பது… கேட்பவர் 'செருப்பு' என்று எதிர்பார்க்கிறார். வருவதோ குளிரில் வந்த கால்புண். அவ்வளவுதான் ஜோக். ஆனால் இதற்குள் எல்லாமே இருக்கிறது. காவியம் எப்படி ஒலிக்கும், அடுத்து என்ன சொல் வரும் என்பது கேட்பவர் மனதில் முன்பே இருக்கிறது. பேசுபவர் அந்த எதிர்பார்ப்பைக் கட்டவில்லை, தட்டி எழுப்பினார். அப்புறம் கடைசிச் சொல்லில் பாதையை மாற்றினார்.

1985-இல் மொழியியலாளர் விக்டர் ரஸ்கின் நகைச்சுவையைப் பற்றி எழுதிய நூல் இதையே மொழியியல் வழியில் விளக்கியது. ஒரே வாசகம் இரண்டு 'ஸ்கிரிப்டு'களுக்கு, அதாவது ஒரு சூழலில் என்ன நடக்கும் என்று நம் மனதில் இருக்கும் இரண்டு சித்திரங்களுக்கு, பொருந்த வேண்டும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க வேண்டும். ரெஃபரன்ஸ் ஜோக்கில் ஒரு ஸ்கிரிப்ட் உங்களுடையது. மற்றொன்று பார்வையாளர் வீட்டிலிருந்தே கொண்டுவந்தது. இரண்டும் உரசும் இடத்தில்தான் சிரிப்பு. உரசல் இல்லாமல் மூலத்தை, அதாவது நினைவூட்டப்படும் அந்தப் பழைய வரியையோ வடிவத்தையோ, மட்டும் எடுத்துக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும், அங்கேயே நின்றுவிடும்.

இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதிப் படிகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: சபையின் தலைக்குள் ஏற்கெனவே இருப்பதை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் முன்னால் உட்காரப் போகிறவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை என்னென்ன என்று எழுதுங்கள். சினிமா வசனமும் பாட்டும் தானாகவே முதலில் வந்து விழும். வரட்டும், எழுதிவிட்டு நிற்காமல் போங்கள். நல்ல சரக்கு அதற்குப் பிறகுதான் வரும்.

பழமொழிகள். சின்ன வயதில் கேட்ட காக்கா கதை, முயல் ஆமை கதை. விடுமுறைக் கடிதம். செய்தி வாசிப்பு. ரயில் நிலைய அறிவிப்பு. வாடிக்கையாளர் சேவை எண்ணில் வரும் பதிவுக் குரல். கிரிக்கெட் வர்ணனை. ராசிபலன். மருந்துச் சீட்டில் அச்சிட்ட எச்சரிக்கை. நீதிமன்றத் தீர்ப்பின் நடை. வினாத்தாளில் வரும் 'பொருத்துக', 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. பேய்ப்படத்தில் கதவு திறக்கும் விதம். நான்கு சீரும் மூன்று சீருமாக இரண்டே அடியில் முடியும் குறள் வெண்பா. மேடையில் முதல் பேச்சாளர் சொல்லும் 'இங்கே வீற்றிருக்கும்'.

கவனித்துப் பாருங்கள், இவற்றில் பாதி 'படைப்பு'களே இல்லை, வடிவங்கள். யார் எழுதினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் முழு ஓசையும் மனதில் ஓடிவிடும். என் உறுதியான கருத்து, புதிதாக எழுதுபவர்கள் வசனங்களைவிட வடிவங்களில் தொடங்குவதே நல்லது. ஒரு வசனம் அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு மட்டும்தான் சொந்தம். விடுமுறைக் கடிதம் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் சொந்தம். மீம் சில வாரங்களில் பழசாகிவிடும், காக்கா கதை உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

படி 2: பாதி சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

ஒரு மூலம் பொதுவாகத் தெரிந்ததுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'இது தெரியுமா?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். மரியாதைக்காகவாவது தெரியும் என்று தலையாட்டிவிடுவார்கள்.

வரியின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எதிரில் இருப்பவர் யோசிக்காமல் மீதியை முடித்தால் அந்த மூலம் உறுதியானது. கொஞ்சம் யோசித்து முடித்தால், மேடையில் அதற்கு ஒரு சின்ன நினைவூட்டல் தேவை. முழித்தால் விட்டுவிடுங்கள், உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. இதை வெவ்வேறு வயதுக்காரர்களிடம் செய்து பார்க்க வேண்டும். நண்பர் குழுவுக்குள் மட்டும் சோதித்தால் குழுவுக்குள் மட்டும் சிரிக்கும் ஜோக்தான் கிடைக்கும்.

படி 3: உங்கள் விஷயத்திலிருந்து மூலத்துக்குப் போங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பிரபலமான வரியை எடுத்து வைத்துக்கொண்டு அதை எதில் பொருத்தலாம் என்று தேடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஜோக் ஒட்டவைத்த மாதிரி தெரியும். முதலில் உங்களை உண்மையாகவே உறுத்தும், சிரிக்கவைக்கும், கோபப்படுத்தும் ஏதோ ஒன்றை எடுங்கள். அப்புறம், 'இதே உணர்வு வேறு எந்தக் கதையில், எந்த வடிவத்தில் இருக்கிறது?' என்று கேளுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு விஷயங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, காலையில் அலாரம் அடித்தும் எழ முடியாமல் ஸ்னூஸ் அழுத்துவது. இரண்டு, வேலையை விட்டுப் போனவர் குழப்பி வைத்துப் போனதையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர் சுமப்பது. முதலாவதில் இருப்பது கெஞ்சல், ஒத்திப்போடல், தினசரிப் போர். இரண்டாவதில் இருப்பது, ஒருவருக்குப் புகழ், அடுத்தவருக்குச் சிக்கல். இந்த உணர்வுச் சொற்களை நோட்டில் ஓரமாக எழுதி வைத்து, படி 1-இல் எழுதிய பட்டியலோடு ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெஞ்சலுக்கு விடுமுறைக் கடிதம் தானாகவே வந்து பொருந்தும். போருக்குச் செய்தி வாசிப்பு.

படி 4: வளையுங்கள்

வேலையின் மையம் இதுதான். மூலத்தை எழுப்பியாயிற்று, இனி அதை எப்படித் திருப்புவது? மேடையில் அதிகம் பயன்படும் நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

*கடைசியை மாற்றுவது.* அரிஸ்டாட்டில் காட்டிய வழி. பழமொழிக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் பழமொழியின் முடிவு எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும். 'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பதை அலாரத்துக்குக் கொண்டுவருவோம்:

"மணியோசை வரும் முன்னே… பின்னே வருவது, மேனேஜர்."

இங்கே மணியோசை உண்மையிலேயே மணியோசை, அலாரம். யானையின் இடத்தில் மேனேஜர் வந்து நிற்பதால் யானையின் கனமும் அவர்மேல் ஏறிக்கொள்கிறது. அந்தக் கனத்தை நீங்கள் தனியாக விவரிக்க வேண்டியதில்லை.

இந்த வழி எவ்வளவு பழையது என்பதற்கு பழைய கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸின் 'தவளைகள்' நாடகம் சாட்சி. கி.மு. 405-இல் ஏதென்ஸில் மேடையேறியது. சோக நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் தன் நாடகம் ஒன்றில், 'நாக்குதான் சத்தியம் செய்தது, மனம் செய்யவில்லை' என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தார். அது ஊர் முழுக்கத் தெரிந்த வரி. 'தவளைகள்' நாடகத்தில் டயோனிசஸ் கடவுள், இறந்தவர்கள் இருக்கும் பாதாளத்திலிருந்து யூரிப்பிடிஸை அழைத்துவரத்தான் கிளம்புகிறார். கடைசியில், அங்கே இருக்கும் இன்னொரு நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் பக்கம் மனம் மாறிவிடுகிறது. 'சத்தியம் செய்தாயே!' என்று யூரிப்பிடிஸ் கேட்க, டயோனிசஸ் அவருடைய வரியையே எடுக்கிறார்: நாக்குதான் சத்தியம் செய்தது, நான் தேர்ந்தெடுப்பது ஈஸ்கிலஸை. எழுதியவர் மேலேயே அவர் வரி திரும்பிப் பாய்கிறது. ஒரு ரெஃபரன்ஸ் கதையையும் நகர்த்தி, பாத்திரத்தையும் வெளிப்படுத்தி, சிரிப்பையும் தர முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

*பாணியை இடம் மாற்றுவது.* பெரிய விஷயத்துக்கான நடையைச் சின்ன விஷயத்துக்குப் போடுவது, அல்லது நேர்மாறாக. தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. நாம் மேடையில் பேச்சுத் தமிழில் பேசுகிறோம். ஒரே நொடியில் எழுத்துத் தமிழுக்குத் தாவினால் போதும், 'இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள்' என்று சபைக்குத் தெரிந்துவிடும். குரலை மாற்றி மிமிக்ரி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. விகுதிகள் வேலையைச் செய்துவிடும்.

"காலைல ஆறு மணிக்கு அலாரம் அடிக்குது. நான் கண்ணத் திறக்கல. மனசுக்குள்ள ஒரு லெட்டர் எழுதுறேன். 'மதிப்பிற்குரிய அலாரம் அவர்களுக்கு, எனக்கு உறக்கம் மிகுதியாக இருக்கின்ற காரணத்தினால், இன்று ஒரு நாள் மட்டும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள… கட்டைவிரல்.'"

வடிவத்தை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறோம் என்று பாருங்கள். 'மதிப்பிற்குரிய', 'காரணத்தினால்', 'இன்று ஒரு நாள் மட்டும்', 'தாழ்மையுடன்', 'கீழ்ப்படிந்துள்ள' எல்லாம் இருக்கின்றன. நடுவில் வேறு ஜோக் எதுவும் நுழையவில்லை. புதியவர்கள் வழுக்கும் இடம் இதுதான். கடிதத்துக்குள்ளேயே ஒவ்வொரு வரியிலும் வேடிக்கை செய்யப் பார்ப்பார்கள். வடிவம் கலைந்துவிடும், கடைசித் திருப்பம் விழுவதற்கு இடமே இருக்காது. மூலம் எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவு பலமாகத் திருப்பம் விழும்.

ஒரு வடிவம் வேலை செய்தால் அதை இன்னும் கொஞ்சம் தூரம் நீட்டலாம். அதே அலாரத்தைச் செய்தியாக்கிப் பார்ப்போம்: "படுக்கையறையில் பதற்றம் நீடிக்கிறது. இன்று காலை இரு தரப்பும் பத்து நிமிடப் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. சரியாகப் பத்தாவது நிமிடத்தில் அலாரம் ஒப்பந்தத்தை மீறியது. தாக்குதலில் ஒரு கனவு பலியானது." ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதைவிட ஒரு படி மேலே போகிறது. மூன்று, நான்கு வாக்கியத்துக்குமேல் இழுக்க வேண்டாம். சபைக்கு விளையாட்டு புரிந்துவிட்டால், அடுத்தது என்ன என்பதை உங்களுக்கு முன்பே ஊகித்துவிடுவார்கள்.

குறள் வெண்பாவின் ஓசையிலும் இதைச் செய்யலாம்:

எழுப்புவார் எல்லாம் பகைவர் அவருள்ளும்
அலாரம் தலையாய பகை.

சொன்ன பிறகு ஒரு நொடி தமிழாசிரியர் மாதிரி நிற்க வேண்டும். உரை சொல்லத் தொடங்கினால் இன்னும் ஒரு சிரிப்பு கிடைக்கும்: "இக்குறளின் பொருளாவது, இன்னும் அஞ்சு நிமிஷம்."

*பாத்திரத்தை இடம் மாற்றுவது.* இதற்கு எல்லோரும் பார்த்துப் படிக்க வேண்டிய பகுதி, பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் எடி இசார்ட் 2000-இல் நிகழ்த்திய 'சர்க்கிள்' நிகழ்ச்சியில் இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வில்லன் டார்த் வேடர், தன் போர்க்கலத்தில் இருக்கும் கேன்டீனுக்குச் சாப்பிடப் போகிறார். பரிமாறுபவருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. தட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். தட்டுகளோ ஈரமாக இருக்கின்றன. வேடர் என்றதும் ஜெஃப் வேடரா என்று கேட்கிறார்கள். பிரபஞ்சத்தையே நடுங்கவைப்பவர் கேன்டீன் வரிசையில் மதிப்பிழந்து நிற்கிறார். அந்தப் படத்தில் யாரும் கேட்காத ஒரு எளிய கேள்வி, 'இவ்வளவு பேர் வேலை செய்யும் இடத்தில் சாப்பாடு எங்கே?' அதிலிருந்துதான் எல்லாம் கிளம்புகிறது. நடப்பவை எல்லாம் நமக்கும் நடப்பவை என்பதால் படத்தைப் பார்க்காதவருக்கும் சிரிப்பு வரும்.

நீங்கள் முயல்வதற்குக் குறிப்பிட்ட படத்தின் பாத்திரம் வேண்டியதில்லை. நாடகங்களில் வரும் பொதுவான ராஜா ஒருவரை எடுங்கள். கைதட்டி 'யாரங்கே!' என்று அழைப்பவர். அவரை வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்ய விடுங்கள். "யாரங்கே!" "தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்." ராஜா அழுத்துகிறார். "காத்திருப்போர் வரிசையில் உங்கள் எண் நாற்பத்திரண்டு." ராஜா திடுக்கிடுகிறார்: "எனக்கு முன்னால் நாற்பத்தோரு மன்னர்களா?" இங்கே இரண்டு மூலங்கள் மோதுகின்றன, ராஜ நாடகமும் பதிவுக் குரலும். இரண்டுமே தங்கள் விதியை விட்டு இம்மியும் நகரவில்லை. ராஜா ராஜாவாகவே இருக்கிறார், இயந்திரம் இயந்திரமாகவே இருக்கிறது. அதனால்தான் உரசுகிறது.

*கதை விட்ட இடத்தைத் தொடர்வது.* நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு கதையை நம்பி, அதன் தர்க்கத்தை இன்னும் ஒரு அடி முன்னால் எடுத்துச் செல்வது.

"தாகமான காக்கா, பானை, அடியில கொஞ்சம் தண்ணி. கல்லாப் போட்டு, தண்ணி மேல வந்து, குடிச்சிட்டுப் பறந்துருச்சு. புத்திசாலிக் காக்கா! சரி. அடுத்து ஒரு காக்கா வரும்ல? அதுவும் தாகத்தோடதான வரும்? எட்டிப் பாக்குது. பானை நிறைய… கல்லு."

இதுவே ஒரு ஜோக். ஆனால் இங்கே நிறுத்தினால் காக்காவைப் பற்றிய வேடிக்கையாக மட்டும் இருக்கும். படி 3-இல் எடுத்த இரண்டாவது விஷயம் இப்போது வர வேண்டும்:

"புது வேலைல சேர்ந்து மொத நாள் அந்த சீட்ல உக்காந்தேன். எனக்கு முன்னாடி இருந்தவரப் பத்தி எல்லாரும் அவ்ளோ பெருமையா பேசுறாங்க. கம்ப்யூட்டரத் திறந்து பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது, அவருதான்… மொதக் காக்கா."

சபை இப்போது இரண்டு வேலை செய்கிறது. கதையை நினைவுபடுத்திக்கொள்கிறது, தங்கள் அலுவலகத்தின் முதல் காக்கா யார் என்று தேடுகிறது. ரெஃபரன்ஸின் உண்மையான பலம் இதுதான். ஒரு பெரிய மனக்குறையை 'காக்கா' என்ற மூன்றே எழுத்துச் சொல் ஒன்றுக்குள் அடக்கிவிட்டீர்கள்.

படி 5: திருப்பச் சொல்லைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள்

தமிழ் வாக்கியத்தின் கடைசியில் இயல்பாக வினைச்சொல் வந்து உட்காரும். ஜோக்குக்கு இது தொந்தரவு. "மொதக் காக்காதான் எனக்கு முன்னாடி இங்க உக்காந்திருந்திருக்குன்னு தோணுச்சு" என்று சொன்னால், 'காக்கா' முதலிலேயே வெளிவந்துவிடுகிறது. சிரிக்க வேண்டியவர்கள் நீங்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள், அதற்குள் சிரிப்பு ஆறிப்போகிறது.

இதற்கு நம் மொழியிலேயே வழி இருக்கிறது. 'வந்தவர்', 'இருந்தது', 'வருவது' என்று வினையைப் பெயராக்கி முன்னால் தள்ளிவிட்டு, திருப்பச் சொல்லைப் பயனிலையாகக் கடைசியில் வையுங்கள். 'மேனேஜர் பின்னே வருவார்' என்பது 'பின்னே வருவது மேனேஜர்' ஆகிறது. எழுதிய ஒவ்வொரு ஜோக்கிலும் சிரிக்கவைக்கும் சொல் எது என்று அடிக்கோடிட்டு, அதற்குப் பின்னால் எத்தனை சொற்கள் தொங்குகின்றன என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லாமல் செய்ய முயலுங்கள்.

பேச்சு வழக்கின் வால்களையும் வெட்ட வேண்டும். 'மாதிரி', 'ன்னு வச்சுக்கோங்களேன்', 'அந்தக் கதைதான்' போன்றவை நாம் அறியாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். 'மொதக் காக்கா மாதிரி' என்றால் அது வெறும் உவமை. 'மொதக் காக்கா' என்றால் அவரே அந்தக் காக்கா.

படி 6: மூலம் தெரியாதவருக்கும் ஒரு சிரிப்பு வையுங்கள்

எந்தச் சபையிலும் சிலருக்கு மூலம் தெரியாது. அவர்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது என்பது என் பிடிவாதம். பக்கத்தில் எல்லோரும் சிரிக்க, தான் மட்டும் புரியாமல் உட்கார்ந்திருப்பவர் அடுத்த ஜோக்குக்கும் சேர்த்து மனதை மூடிக்கொள்வார்.

நினைவூட்டல் வேண்டும், ஆனால் விளக்கமாகிவிடக் கூடாது. மேலே காக்கா கதை எப்படித் தொடங்கியது என்று திரும்பிப் பாருங்கள். 'தாகமான காக்கா, பானை, அடியில கொஞ்சம் தண்ணி.' மூன்று துண்டுகள். தெரிந்தவருக்கு அலுக்காது, தெரியாதவருக்குப் போதும். 'சின்ன வயசுல நாம எல்லாரும் ஒரு கதை கேட்டிருப்போம், அதுல ஒரு காக்கா இருக்கும்' என்று போனால் அது பாடம்.

அப்புறம் ஒரு சோதனை. ஜோக்கிலிருந்து மூலத்தின் பெயரை எடுத்துவிட்டு, பொதுவான ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இசார்ட்டின் டார்த் வேடருக்குப் பதிலாக 'பயங்கரமான ஒரு தளபதி' என்று வைத்தாலும் கேன்டீன் காட்சி ஓரளவு நிற்கும். அப்படி நின்றால் கீழே தளம் இருக்கிறது, மேல் மாடியாக ரெஃபரன்ஸ் இருக்கிறது. பெயரை எடுத்ததும் மொத்தமும் சரிந்தால் அது ரெஃபரன்ஸை மட்டும் நம்பிய ஜோக். அது மேடையில் பிழைப்பது கடினம்.

படி 7: உங்கள் பேச்சே மூலமாகட்டும்

பார்வையாளர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மூலம் உறுதியாக இருக்கிறது: பத்து நிமிடத்துக்கு முன் நீங்கள் சொன்ன ஜோக். அதைத் திரும்ப அழைப்பதைக் கால்பேக் என்கிறார்கள். வயது, படிப்பு, ரசனை எதுவும் இங்கே தடையில்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டுமே புரியும் என்பதால் ஒரு நெருக்கமும் வந்துவிடுகிறது.

காக்கா ஜோக் நன்றாகப் போனது என்று வைத்துக்கொள்வோம். இடையில் வேறு இரண்டு விஷயங்கள் பேசிவிட்டீர்கள். கடைசிப் பகுதியில் வீட்டில் ஒரு அலமாரியைச் சுத்தம் செய்யப் போன கதை. "ரொம்ப நாளா யாருமே திறக்காத அலமாரி. மெதுவாத் திறந்தேன். எட்டிப் பாத்தேன். உள்ள நிறைய…" இங்கே ஒரு சின்ன இடைவெளி. 'கல்லு' என்று சபையே சொல்லும். நீங்கள் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

மூன்று நிபந்தனைகள் உண்டு. முதல்முறை நன்றாகச் சிரித்த ஜோக்கை மட்டுமே திரும்ப அழைக்க வேண்டும். இடையில் சபை அதை மறக்கும் அளவுக்கு நேரம் போயிருக்க வேண்டும். திரும்பி வரும்போது புதிய சூழலில் வர வேண்டும், அதே சூழலில் வந்தால் அது மறு ஒலிபரப்பு. இது எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க விரும்பினால் பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் ஜேம்ஸ் அகாஸ்டரின் 'ரெப்பர்ட்வா' தொகுப்பைப் பாருங்கள். 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, நான்கு நிகழ்ச்சிகள். ஒன்றில் விதைத்தது இன்னொன்றில் முளைக்கிறது.

ஸ்டாண்ட்-அப் என்ற வடிவமே ஒரு மூலமாகலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் மேடைக்கு வந்து 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை எடுத்து வாசிக்கத் தொடங்குவார், நிறுத்த மாட்டார். ஜோக் வரும் என்ற சபையின் எதிர்பார்ப்புதான் அங்கே வளைக்கப்படுகிறது. ரசிக்க வேண்டிய விஷயம். தொடக்கத்தில் முயல வேண்டியதில்லை, அதற்குச் சபை உங்களை முன்பே நம்பியிருக்க வேண்டும்.

படி 8: அம்பு யார்மேல் என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மூலத்தை எடுக்கும்போது இரண்டு விஷயங்களில் ஒன்றைச் செய்கிறீர்கள். மூலத்தையே கிண்டல் செய்கிறீர்கள், அல்லது மூலத்தைக் கருவியாக வைத்து வேறொன்றைக் கிண்டல் செய்கிறீர்கள். விடுமுறைக் கடித ஜோக்கில் கடிதத்தின்மேல் கோபமில்லை, சோம்பல்தான் இலக்கு. ராஜாவின் தொலைபேசியில் பதிவுக் குரல் இலக்கு. இது தெளிவாக இல்லாத ஜோக்கில் சபை எங்கே சிரிப்பது என்று தடுமாறும்.

இந்த வேறுபாடு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் '2 லைவ் க்ரூ' என்ற ராப் குழுவின் பகடிப் பாட்டு தொடர்பான வழக்கில், பணம் சம்பாதிக்கச் செய்தது என்பதாலேயே ஒரு பகடி முறையற்றதாகிவிடாது என்றது. மூலத்தையே பகடி செய்பவர் அதை ஓரளவு எடுத்தாள வேண்டியிருக்கிறது, வேறொன்றைக் கிண்டல் செய்ய மூலத்தைக் கடன் வாங்குபவர் அந்தக் கடனுக்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டும் என்றும் விளக்கியது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பாட்டு, காட்சித் துணுக்கு எதையாவது அப்படியே ஒலிபரப்பி வீடியோவாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நகைச்சுவையாளரின் ஜோக்கை எடுத்துப் பேசுவது வேறு விஷயம். ரெஃபரன்ஸ் என்பது மூலம் இன்னது என்று சபை கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு செய்வது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தபடி ஒரு வரியைச் சொல்கிறீர்கள் என்றால் அது திருட்டு, விட்டுவிடுங்கள்.

அதேபோல ஒரு வட்டாரத்தின், ஒரு சமூகத்தின் பேச்சை மட்டும் எடுத்து 'இப்படித்தான் பேசுவார்கள்' என்று காட்டினால், அங்கே வளைக்கப்படும் பிரதி எதுவும் இல்லை. மனிதர்கள்தான் இருக்கிறார்கள். செய்தி வாசிப்பின் நடையைக் கேலி செய்வதும் ஒருவர் வீட்டில் பேசும் மொழியைக் கேலி செய்வதும் ஒன்றாகாது. வழிபாட்டு வரிகளுக்கும் இதே அளவுகோலை வையுங்கள்: திருப்பம் எதன்மேல் விழுகிறது என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த ஜோக் இன்னும் எழுதி முடியவில்லை.

படி 9: ஓப்பன் மைக்கில் சோதியுங்கள்

ஓப்பன் மைக் என்றால் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசிப் பார்க்கக்கூடிய மேடை. அங்கே ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். மறுநாள் கேட்கும்போது ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: தட்டல், சிரிப்பு, அமைதி.

தட்டல் மட்டும் வந்தால் மூலம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, வளைப்பு இல்லை. படி 4-க்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். காக்கா ஜோக்கில் அலுவலகம் சேர்ந்த மாதிரி, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று வந்து சேர வேண்டியிருக்கும்.

அமைதி வந்தால் காரணம் மூன்றில் ஒன்று. மூலம் தெரியவில்லை, நினைவூட்டல் பலவீனம், அல்லது திருப்பத்தை முன்பே ஊகித்துவிட்டார்கள். மூன்றாவது காரணத்தைப் பதிவிலேயே கண்டுபிடிக்கலாம். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் எங்கோ ஒருவர் மெல்லச் சிரித்திருப்பார். அப்படியென்றால் திருப்பச் சொல்லை மாற்றுங்கள், அல்லது அதற்கு முன்னால் இருக்கும் வாக்கியங்களைக் குறையுங்கள். முதல் இரண்டு காரணங்களில் எது என்று தெரிய, அடுத்த மேடையில் வேறு எதையும் தொடாமல் நினைவூட்டலை மட்டும் ஒரு சொல் கூட்டிப் பாருங்கள். அப்போதும் அமைதி என்றால் மூலத்தை மாற்ற வேண்டியதுதான்.

மேடையில் நிற்கும்போதே அமைதி வந்தால் மூலத்தை விளக்காதீர்கள், படத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், 'பார்த்தவங்களுக்குப் புரியும்' என்று சொல்லாதீர்கள். மூச்சு விட்டு அடுத்த ஜோக்கைத் தொடங்குங்கள். கால்பேக்குக்காக வைத்திருந்த ஜோக் அதுவாக இருந்தால், பின்னால் வரும் அந்த இடத்தையும் அப்போதே மனதில் வெட்டிவிட்டு, அதற்குப் பதிலாக அன்றைக்கு அதிகம் சிரித்த ஜோக்கை அங்கே திரும்ப அழையுங்கள்.